ஓதம் அல்ல, கசிவு

மார்ச் 4, திங்கள்

குளியலறையை ஒட்டிய அறையில் சுவர் மறுபடியும் ஊறிப் போயிருக்கிறது. பொங்கலுக்கு உள்ளங்கை அகலம் இருந்தது, இப்போது முறம் அகலம். பெயின்ட் அப்பளம் மாதிரி உப்பி நிற்கிறது. விரலால் தொட்டேன், பொலபொலவென்று என் கால் மேலேயே கொட்டியது. புது வீடாம் புது வீடு! குடிவந்து ஆறு மாதம்கூட முடியவில்லை.

கம்பெனி இன்ஜினீயர் சுதர்சனுக்குப் போன் செய்தேன். நாலாவது தடவை எடுத்தார். "அது ஓதமுங்க மேடம். புதுச் செவுரு காயறதுக்கு ஒரு வருசம் ஆகும். ஃபேனப் போட்டு உடுங்க" என்றார். முப்பது வருடமாகப் பெண்கள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை நான். "வயித்து வலி மிஸ்" என்று மைதானத்தில் ஒதுங்குகிற பிள்ளைகளில் எது நிஜம், எது பொய் என்று முகத்தைப் பார்த்தே சொல்லுவேன். இந்த ஆளுக்கு முகம்கூட வேண்டாம், குரலே போதும்.

என்றைக்குப் புகார் சொன்னோம், யார் என்ன பதில் சொன்னார்கள் என்று தேதி போட்டு எழுதி வையுங்கள் என்று எங்கள் தலைமையாசிரியை சொன்னார். அதற்காகத்தான் இந்த டைரி. வேறு எதையும் இதில் எழுதப்போவதில்லை.

மார்ச் 13, புதன்

வீட்டுச் சாவியோடு கொடுத்த உத்தரவாதப் புத்தகத்தை இன்றைக்குத்தான் முழுதாகப் படித்தேன். பதினொன்றாம் பக்கம்: "நீர்க்கசிவு – சாவி ஒப்படைத்த நாளிலிருந்து ஓராண்டு வரை கம்பெனி தன் பொறுப்பில் சரிசெய்யும். ஓதம் – இயற்கைக் காரணம், உத்தரவாதம் பொருந்தாது."

நான் ஜனவரியில் எழுதிக் கொடுத்த மனுவில் என்ன எழுதினேன்? "சுவரில் ஓதம் ஏறுகிறது." என் கையெழுத்தோடு! ஊரில் எல்லாரும் சொல்கிற வார்த்தை என்று எழுதித் தொலைத்தேன். சுதர்சன் முதல் நாளிலிருந்து ஓதம், ஓதம் என்று ஏன் ஓதிக்கொண்டிருந்தார் என்று இப்போது புரிகிறது. புது மனு எழுதினேன். "கசிவு" என்று ஒன்பது இடத்தில் போட்டேன். சாவி வாங்கியது போன செப்டம்பர் பன்னிரண்டு. ஆகவே இந்த செப்டம்பர் பதினொன்றுக்குள் சுவரைச் சரிசெய்ய வைத்தாக வேண்டும்.

இவர் பட்டறையிலிருந்து வந்து மனுவைப் படித்துவிட்டு, "மோட்டாருக்கு காயில் சுத்தறவன் நானு. எனக்கே இத்தன பொறுமை இல்ல கோகிலா" என்று சிரித்தார். சிரிப்புக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை.

மார்ச் 22, வெள்ளி

புகார் எண் வந்திருக்கிறது. ஆள் வரவில்லை.

ஏப்ரல் 2, செவ்வாய்

கோபியில் புகுந்த வீட்டிலிருந்து என் பெண் தாரணி போன் செய்தாள். நாற்பத்து நாலு நாள் தள்ளிப் போயிருக்கிறதாம். டாக்டரும் உறுதி செய்துவிட்டாராம்.

யாரிடமும் சொல்லாதே என்றேன். அவள் இன்னும் ஏதோ பேச வேண்டும் என்கிற மாதிரி இழுத்தாள். நான் சுதர்சன் கதையை எடுத்துவிட்டேன், இருபது நிமிடம் ஓடிவிட்டது. பிள்ளை பொறுமையாகக் கேட்டாள்.

தலைப்பிரசவம் பிறந்த வீட்டில்தான். அவளும் குழந்தையும் படுக்கப்போவது அந்த அறையில்தான். வேறு அறை மாடியில் இருக்கிறது, படியேற விட முடியுமா? கம்பெனிக்கு இன்னொரு மனு அனுப்பினேன்.

ஏப்ரல் 11, வியாழன்

ரம்ஜான் லீவு. காலையில் காபி போட்டுக்கொண்டு உட்காரும்போது வாசலில் கம்பெனி வண்டி. மூன்று மாதம் கூப்பாடு போட்டதற்கு இன்றைக்கு விடிந்திருக்கிறது. வெள்ளியங்கிரி மேஸ்திரியும் இன்னொருவரும் வந்திருந்தார்கள், கையில் சுத்தியல், உளி. சுவரை இரண்டடிக்கு உடைத்து உள்ளே போகிற குழாயைப் பார்க்க வேண்டுமாம்.

அவர்களை அனுப்பிவிட்டேன்.

"ஏனுங்கம்மா, நீங்கதான தினமும் போன் பண்ணுனீங்க?" என்றார் மேஸ்திரி. இன்றைக்கு நாள் சரியில்லை என்றேன். அவர் போகவில்லை, ஆபீசில் என்ன சொல்வது என்று கேட்டுக்கொண்டே நின்றார். கடைசியில், "என்ற பொண்ணு முழுகாம இருக்கா, இப்ப செவுத்துல கை வெக்கக் கூடாது" என்று வாயை விட்டுவிட்டேன். அவர் உடனே சுத்தியலைப் பைக்குள் போட்டுக்கொண்டார். ஒரு தாளை நீட்டினார். "வாடிக்கையாளர் விருப்பப்படி வேலை ஒத்திவைக்கப்பட்டது." கையெழுத்துப் போட்டேன்.

ஏப்ரல் 12, வெள்ளி

லீவு நாளானாலும் நேற்றுப் பள்ளியில் பரீட்சை வேலை இருந்ததால் ஆட்களைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று என்று இவரிடம் சொன்னேன். வேறு காரணம் ஒன்றும் இல்லை.

மே 6, திங்கள்

கோடை விடுமுறை. அந்த அறையில் மேசை விசிறியைச் சுவரைப் பார்த்து ஓட விட்டிருக்கிறேன். இருபத்து நாலு மணி நேரமும் சுவருக்குக் காற்று, எனக்கு வியர்வை. வெயில் இந்தக் கொளுத்து கொளுத்துகிறது, துணி பத்து நிமிடத்தில் காய்கிறது, இந்த ஒரு சுவர் மட்டும் காயவில்லை. மூலையில் கறுப்பாகப் பூசணம் வேறு.

இவருக்கு ஞாயிற்றுக்கிழமை வந்தால் கை சும்மா இருக்காது. நேற்று உளியோடு போய் நின்றார். "இந்த எடத்துலதான் கொழாய் திரும்பற எல்போ இருக்கும். ஒரே போடு, பாத்துரலாம்" என்றார். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. உளியைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டினேன். இவர் என்னையே பார்த்தார். எங்கள் பக்கத்தில் வீட்டுப் பெண் மாசமாக இருந்தால் அவள் பிறந்த வீடானாலும் புகுந்த வீடானாலும் மண் வெட்டக் கூடாது, சுவர் இடிக்கக் கூடாது. இவருக்கும் அது தெரியும், தாரணி விஷயமும் தெரியும். ஆனால், "நீ இதையெல்லாம் எப்பருந்து நம்ப ஆரம்பிச்ச?" என்று கேட்டார். சோறு வடிக்க வேண்டியிருந்தது, நான் சமையலறைக்குப் போய்விட்டேன்.

ஜூன் 14, வெள்ளி

இன்றைக்கு வந்த கோபத்துக்குப் பேனா முனையே உடைந்திருக்கும்.

கம்பெனியில் போன் எடுக்கிற பெண், "உங்க புகார் முடிஞ்சு போச்சுங்க மேடம்" என்றாள். எப்படி முடிந்தது? "நீங்களே வேண்டாம்னு எழுதிக் குடுத்திருக்கீங்க." ஒத்திவைப்பது வேறு, வேண்டாம் என்பது வேறு என்று நான் தமிழ்ப் பாடமே எடுத்தேன். அவள் கேட்டுக்கொண்டே யாரிடமோ டீ சொன்னாள்.

மதியம் நேராக ஆபீசுக்கே போனேன். சுதர்சன் எழுந்து நின்று கும்பிட்டார். மேசையில் பிள்ளையார், நெற்றியில் திருநீறு, பேச்சில் தேன். "மேஸ்திரி சொன்னாருங்க. நெம்ப சந்தோசமுங்க மேடம். மாசமா இருக்கற பொண்ணோட வூட்ல நாங்க சுத்தியல எடுக்க மாட்டோமுங்க. அந்தப் பாவம் எங்களுக்கு வேண்டாம். கொழந்த பொறக்கட்டும், பொறவு ஜம்முன்னு செஞ்சு குடுத்தர்றோம்" என்றார்.

பிரசவம் நவம்பர் கடைசியில். உத்தரவாதம் செப்டம்பர் பதினொன்றோடு சரி. அதற்குமேல் எங்கள் செலவு, எங்கள் பாடு. "அப்ப உத்தரவாதத்த மூணு மாசம் தள்ளி எழுதிக் குடுங்க தம்பி" என்றேன். "அது சிஸ்டத்துல வராதுங்களே" என்றார். சாமிக்கும் சிஸ்டத்துக்கும் நடுவில் இந்த ஆள் எவ்வளவு வசதியாக உட்கார்ந்திருக்கிறார்! என்னிடம் விசில் இருந்திருந்தால் அந்த ஆபீசையே பத்து சுற்று ஓடவிட்டிருப்பேன். ஆனால் முதலில் அதைச் சொன்னவள் நான்தானே.

ஜூலை 7, ஞாயிறு

சம்பந்தியம்மா வந்திருந்தார், மாப்பிள்ளையின் அம்மா. ஏதோ கல்யாணத்துக்குக் கோவை வந்தவர், எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தாராம். பார்த்ததெல்லாம் அந்த ஒரு அறையைத்தான். நான் சுவரை மறைத்துத் துணிக்கொடி கட்டி, மூன்று போர்வை போட்டிருந்தேன். அவர் போர்வையைத் தூக்கிப் பார்த்தார்.

"இந்த ரூமுலயா சம்மந்தி, பச்ச ஒடம்புக்காரியப் படுக்க வெக்கப் போறீங்க?"

"அதுக்குள்ள சரி பண்ணிருவோமுங்க."

"எப்பப் பண்ணுவீங்க? பொண்ணு மாசமா இருக்கையில செவுத்துல கை வெக்க மாட்டீங்கல்லொ?" என்று கேட்டுவிட்டு, குரலைத் தாழ்த்தி, "போன தடவ பட்டது போதும். பிரசவத்த எங்க வூட்லயே பாத்துக்கறோம். கட்டுச்சோத்த மட்டும் கொண்டாந்து விருந்தப் போட்டுட்டுப் போங்க" என்றார்.

கட்டுச்சோறு என்பது எதற்கு? ஏழாம் மாதம் விதவிதமாகச் சோறு கட்டிக்கொண்டுபோய், விருந்து வைத்து, பெண்ணை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வருவதற்கு. சோற்றை வைத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பி வரவா? ஒரே பெண். சம்பந்தியம்மா காபியைக் குடித்தார், டம்ளரைக் கழுவி வைத்தார், நல்லவர்தான். நல்லவர் என்பதால்தான் எதிர்த்துப் பேச முடியவில்லை. அவர் போன பிறகு அந்த மூன்று போர்வையையும் சுருட்டி மூலையில் எறிந்தேன்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. ஊரே பேரூர்ப் படித்துறைக்குப் போயிருக்கிறது. இவரையும் அனுப்பிவிட்டு நான் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இன்னும் முப்பத்தொன்பது நாள்.

இதை எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். இது கம்பெனிக்காகப் போட்ட டைரி. ஆனால் வேறு எங்கே எழுதுவது?

இரண்டு வருடம் முன்னால் வைகாசியில் இந்த வீட்டுக்கு அஸ்திவார வானம் தோண்ட நாள் குறித்திருந்தோம். காலை ஏழரை முதல் எட்டரை. அதை விட்டால் மூன்று மாதம் நல்ல முகூர்த்தம் இல்லை. ஜேசிபி வந்து நின்றது, சொந்தமெல்லாம் வந்து நின்றது, நான் பட்டுப்புடவையில் தட்டோடு நின்றேன். அப்போது தாரணி போன் செய்தாள். நாற்பது நாள் தள்ளிப் போயிருக்கிறது என்றாள். எனக்கு அந்தச் சத்தத்தில் காது சரியாகக் கேட்கவில்லை, ஆனால் அது கேட்டது. உடனே நிறுத்தியிருக்க வேண்டும். "எம் பொண்ணு முழுகாம இருக்கா, குழி தோண்ட வேண்டாம்" என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? நான் போனை இடுப்பில் செருகிக்கொண்டு கற்பூரத்தைக் கொளுத்தினேன்.

ஒன்பதாம் நாள் மாப்பிள்ளை போன் செய்து கரு நிற்கவில்லை என்றார். வீட்டில் எல்லாரும், எப்போது நாள் தள்ளியது, எங்களுக்கே தெரியாதே என்றார்கள். எனக்கும் தெரியாது என்றேன். இவரிடமும் அதையேதான் சொன்னேன். தாரணி என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. இதுவரை ஒரு வார்த்தை கேட்டதும் இல்லை.

யாராவது வந்து வீடு அழகாக இருக்கிறது என்று சொன்னால் எனக்கு எரிச்சல் வருகிறது.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

சுதர்சன் புதிதாக ஒன்று கண்டுபிடித்திருக்கிறார். நான் விடாமல் மேலிடத்துக்கு எழுதியதில் அவருக்கு ஏதோ சூடு விழுந்திருக்கிறது போல. "வேல செய்யறோமுங்க மேடம். ஆனா உங்க பொண்ணுகிட்ட ஒரு லெட்டர் வாங்கிக் குடுத்துருங்க. எனக்கு ஆட்சேபணை இல்லைன்னு. நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா கம்பெனி மேல வந்துரக் கூடாது பாருங்க."

"ஏதாவது ஒண்ணுன்னா, அப்படின்னா என்னங்க தம்பி? உங்க புத்தகத்துல அது எத்தனாவது பக்கம்?" என்று கத்திவிட்டுப் போனை வைத்தேன். பள்ளி மைதானத்தில் கயிறு இழுத்துக்கொண்டிருந்த பிள்ளைகள் கயிற்றை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

அந்த மாதிரி ஒரு கடிதத்தை என் பெண்ணிடம் போய் நான் கேட்க மாட்டேன். சுவர் அப்படியே ஊறிக் கிடக்கட்டும்.

ஆகஸ்ட் 31, சனி

சுதர்சன் கடிதம் கேட்டதை இவர் எனக்குத் தெரியாமல் தாரணியிடம் சொல்லியிருக்கிறார்.

காலை பத்து மணிக்கு வாசலில் கார். ஏழாம் மாதத்து வயிற்றைத் தூக்கிக்கொண்டு தாரணி இறங்குகிறாள். பின்னாலேயே கம்பெனி வண்டியில் சுதர்சனும் வெள்ளியங்கிரி மேஸ்திரியும். அவளே வரச் சொல்லியிருக்கிறாள்! எனக்கு வந்த கோபத்தில் வாங்க என்றுகூட யாரையும் சொல்லவில்லை. "அத்தைகிட்டச் சொல்லிட்டுத்தாம்மா வந்தேன்" என்றாள். பையைத் திறந்து ஒரு கடிதத்தை எடுத்துச் சுதர்சனிடம் கொடுத்தாள். "இந்தாங்க. ஆட்சேபணை இல்லை. தேதியும் போட்டிருக்கேன்."

மேஸ்திரி சுவர் முன்னால் போய் நின்றார். சுத்தியலை எடுத்தார், தாரணி வயிற்றைப் பார்த்தார், கீழே வைத்தார். "எனக்கும் ரெண்டு பொண்ணு இருக்குதுங்கம்மா. கை வரலீங்க" என்றார். சுதர்சன் பார்த்தீர்களா என்பது போல என்னைப் பார்த்தார். நான் தாரணியின் தோளைப் பிடித்தேன். "வேண்டாம் சாமி. உத்தரவாதம் போனாப் போயிட்டுப் போவுது. நீ அத்தை வூட்லயே பெத்துக்க. நான் வந்து அங்க இருந்துக்கறேன்" என்றேன்.

தாரணி என் கையைப் பிடித்துச் சமையலறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

"அம்மா, வானம் தோண்டுனதாலதான் போன தடவ அப்படி ஆச்சுன்னு நெனச்சுட்டிருக்கியா?"

நான் அடுக்கிலிருந்த கடுகு டப்பாவை எடுத்தேன்.

"அன்னைக்குக் காலைல நான் என்ன சொன்னேன்?"

"நாப்பது நாள் தள்ளிப் போயிருக்குதுன்னு சொன்ன."

"நாப்பது நாள் தள்ளிப் போச்சும்மா, ஆனான்னு ஆரம்பிச்சேன். வானம் தோண்டற நேரம் கண்ணு, அப்புறம் பேசுன்னு வெச்சுட்ட. விடியக்காலைலயே உதிரம் பட்டுருச்சும்மா. என்ன பண்றதுன்னு தெரியல. அவரு ஊர்ல இல்ல. அத்தைகிட்டச் சொல்லப் பயம். அதக் கேக்கத்தான் உனக்குப் போன் பண்ணுனேன். மத்தியானம் நானே ஆஸ்பத்திரிக்குப் போனேன். அன்னைக்கே டாக்டர் சொல்லிட்டாங்க, நிக்காதுன்னு. வீட்டு வேல சந்தோசமா நடக்குதேன்னுதான் ஒம்பது நாள் சொல்லாம இருந்தோம். நீ குழி தோண்டறதுக்கு முன்னாடியே எல்லாம் முடிஞ்சுருச்சும்மா."

"அப்பவே எங்கிட்டச் சொல்லியிருக்கக் கூடாதா கண்ணு?"

"எப்பச் சொல்ல? எப்பக் கூப்பிட்டாலும் வீட்டப் பத்தித்தான பேசுன. முதல்ல கட்டறதப் பத்தி, இப்ப செவுத்தப் பத்தி."

அவள் அழவில்லை. குழாயைத் திறந்து முகத்தைக் கழுவிக்கொண்டாள். நான்தான் கடுகு டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். இரண்டு வருடமாக ஒரு குழிக்குப் பயந்திருக்கிறேன். பயந்திருக்க வேண்டியது அதற்கு இல்லை. பட்டுப்புடவையும் கற்பூரமுமாக நான் நின்ற அதே நேரத்தில் என் பிள்ளை அங்கே தன்னந்தனியாக நின்றிருக்கிறாள்.

வெளியே வந்து மேஸ்திரி கையிலிருந்த சுத்தியலை வாங்கினேன். கைப்பந்து ஆடிய தோள் இது, இன்னும் வலு இருக்கிறது. முதல் அடியிலேயே காரை பெயர்ந்தது. மூன்றாவது அடியில் செங்கல். அதற்குப் பிறகு மேஸ்திரி வாங்கிக்கொண்டார். அரை மணி நேரத்தில் குழாய் தெரிந்தது. இரண்டு குழாய் சேருகிற இடத்தில் பசையே போடவில்லை. சும்மா செருகி, மேலே சிமெண்ட் மூட்டைச் சாக்கைக் கிழித்துச் சுற்றி, பூசி மூடியிருக்கிறார்கள். முதல் நாளிலிருந்து சொட்டியிருக்கிறது. இவர் குனிந்து பார்த்துவிட்டு, "தம்பி, இது என்னங்க, ஓதமா?" என்று கேட்டார்.

சுதர்சன் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். "கசிவுதானுங்க" என்றார்.

செப்டம்பர் 2, திங்கள்

பசை போட்டு, தண்ணீர் விட்டுப் பார்த்து, சரி என்றார்கள். பூச்சு வேலை புதன்கிழமை. காய நாள் இருக்கிறது. சம்பந்தியம்மாவே போனில் கூப்பிட்டு, "பொண்ணு எல்லாஞ் சொன்னா. ஒம்பது மாசம் தாண்டுன பொறவு கார்ல ஏத்த மாட்டேன், பாத்துக்கங்க. கட்டுச்சோத்தன்னைக்கே கூட்டீட்டுப் போயிருங்க" என்றார். பதினைந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. புளிச்சோறு, எலுமிச்சை, தேங்காய், கடலை என்று இவர் பட்டியல் போட ஆரம்பித்துவிட்டார்.

வானம் தோண்டிய அன்றைக்கு வந்த போனைப் பற்றி இவரிடம் நேற்றுச் சொன்னேன். முழுதாகக் கேட்டார். பிறகு எழுந்துபோய், பீரோவைத் திறக்கச் சொல்லி உளியை வாங்கிக்கொண்டு பட்டறைக்குப் போனார். இன்னும் என்னிடம் சரியாகப் பேசவில்லை. பேசுவார்.

செப்டம்பர் 10, செவ்வாய்

நாளையோடு உத்தரவாதம் முடிகிறது.

சாயங்காலம் தாரணி கூப்பிட்டாள். நான் இப்போதெல்லாம் போன் வந்தால் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துகொள்கிறேன். குழந்தை இடதுபக்கம்தான் அதிகம் உதைக்கிறதாம். பிறகு அவளே அந்த முதல் குழந்தையைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். ஆஸ்பத்திரி வரிசையில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் இருந்த யாரோ ஒரு அம்மா தண்ணீர் பாட்டில் கொடுத்தது, திரும்பி வருகிற பஸ்ஸில் சன்னல் சீட் கிடைத்தது, எல்லாம் சொன்னாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த நேரம் பார்த்து வாசலில் மணி. சுதர்சன்! கையில் தாளும் பேனாவும். "வேலை திருப்திகரமாக முடிந்தது" என்று நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். இன்றைக்கே வேண்டுமாம், நாளை சிஸ்டம் மூடிவிடுமாம். "ஒரு நிமிசந்தானுங்க மேடம்" என்றார், சன்னல் வழியாக.

எட்டு மாதம் இந்த ஆளின் பதிலுக்காக நான் காத்திருந்திருக்கிறேன். கையைக் காட்டி நில்லுங்கள் என்றேன். அவர் மறுபடியும் மணி அடித்தார்.

"யாரும்மா வாசல்ல? போய்ப் பாரு, நான் அப்புறம் பேசறேன்" என்றாள் தாரணி.

"யாருமில்ல கண்ணு" என்றேன். "நீ சொல்லு."